தம்பியைத் தொலைத்த வெள்ளிக்கிழமை

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு சும்மா கிடைத்துவிடாது. அன்றைய நாளில் நடந்த நல்ல காரியம் ஒன்றைச் சொல்லி, அதற்கு ஸ்தோத்திரம் சொன்ன பிறகுதான் தட்டில் சோறு விழும். இது அப்பா போட்ட சட்டம். நேற்றுச் சொன்னதை இன்று சொல்லக்கூடாது என்பது அதன் உட்பிரிவு. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் சபையைச் சேர்ந்த எல்லா வீடுகளிலும் இரவு ஜெபம் உண்டு. ஆனால் அங்கெல்லாம் ஒரு பாட்டு, ஒரு ஜெபம் என்று சுருக்கமாக முடித்துவிட்டுக் குழம்புக்குப் போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் பசியோடு உட்கார்ந்து மூளையைக் கசக்க வேண்டும்.

அப்பா பீச் ஸ்டேஷன் பக்கம் ஓர் அரசாங்க ஆபீசில் குமாஸ்தா. தினமும் எலெக்ட்ரிக் ட்ரெயினில் போய்வருவார். அதனால் அவருடைய ஸ்தோத்திரங்களில் பாதி ரயிலிலேயே விளைந்தவை. ஜன்னலோரம் இடம் கிடைத்தது, ஸ்தோத்திரம். பக்கத்தில் உட்கார்ந்தவர் இன்று மூக்குப்பொடி போடவில்லை, ஸ்தோத்திரம். மேலதிகாரிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, அதற்கும் ஒன்று. தம்பிக்கு அப்போது ஐந்து வயது. "பல்லி என் மேல விழல" என்பான். மறுநாள் "பல்லி இன்னிக்கும் விழல" என்பான். இது நேற்றுச் சொன்னதுதானே, செல்லாது என்று நான் வாதாடுவேன். எனக்குப் பத்து வயது. சட்டம் என்றால் சட்டம் என்று நிற்கிற பிடிவாதக்காரி.

எல்லாவற்றிலும் ருசியானவை அம்மாவின் ஸ்தோத்திரங்கள். அம்மா ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் முறை வரும்போது நாங்கள் மூவரும் நிமிர்ந்து உட்காருவோம். "மீன்காரம்மா வஞ்சிரம்னு சொல்லி வேற எதையோ என் தலையில கட்டப் பார்த்தாங்க, நான் ஏமாறல" என்பாள். "ஒண்ணாங்கிளாஸ்ல ஒருத்தன், டீச்சர் உங்க மூக்கு நல்லா இருக்குன்னான்" என்பாள். அப்பா உடனே அந்த மூக்கைப் புதிதாகப் பார்ப்பவர்போல எட்டிப் பார்ப்பார். எங்களுக்குச் சிரிப்புத் தாங்காது. அது அறுபதுகளின் கடைசி. வீட்டில் ரேடியோகூட இல்லை. எங்கள் பொழுதுபோக்கே இந்த ஸ்தோத்திர நேரம்தான்.

அந்த வருஷம் முழுப் பரீட்சைக்கு முன்னால் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள். தங்கச்சிப் பாப்பா பிறந்தது. நாங்கள் பார்ப்பதற்கு முன்பே இறந்தும்போனது. பாப்பா ஆண்டவரிடம் போய்விட்டாள், அம்மாவிடம் அதைப் பற்றி ஒன்றும் கேட்டுவிடாதே என்று அப்பா என்னிடம் சொன்னார். நான் கேட்கவில்லை. அம்மா வெறும் கையோடு ஜட்கா வண்டியிலிருந்து இறங்கி, தம்பியின் தலையைத் தடவிவிட்டு, நேராகப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

சில நாளில் எழுந்து நடமாடவும் செய்தாள். சமைத்தாள், துவைத்தாள், எங்களைக் குளிப்பாட்டினாள். எதிலும் குறை இல்லை. ஆனால் அம்மா அங்கே இல்லை. மீன்காரம்மா என்ன விலை சொன்னாலும் கொடுத்துவிட்டாள். பேரம் பேச ஆளில்லாமல் மீன்காரம்மாவே சங்கடப்பட்டு, "நீ இன்னா கேக்குறன்னு சொல்லு டீச்சரம்மா, அப்பதான் எனக்கும் வேவாரம் பண்ண மாறி கீது" என்றார். அம்மா தலையை ஆட்டிவிட்டுக் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சபைப் பெண்கள் ரொட்டியும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்து வைத்துவிட்டு ஜெபம் செய்துவிட்டுப் போனார்கள். ரொட்டி முழுவதையும் நானும் தம்பியும் தின்றோம்.

இரவில் அம்மாவின் முறை வரும். அப்பா மெதுவாக அவள் பக்கம் திரும்புவார். "நான் அப்புறம் சொல்றேன்" என்பாள். அப்பா கொஞ்சம் காத்திருப்பார். பிறகு முடிவு ஜெபத்தை ஆரம்பித்துவிடுவார். எனக்கு இது பொறுக்கவே இல்லை. நான் அப்புறம் என்று சொன்னால் சோறு கிடைக்குமா என்று மனசுக்குள் பொருமினேன். ஆனால் அம்மா விஷயத்தில் சோற்றை நிறுத்திவைத்தும் பயனில்லை. போட்டதைப் பிசைந்துகொண்டே இருப்பாள். பாதியைத் தம்பியின் தட்டில் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள். சாப்பிட்டாயா என்று யாராவது கேட்டால் "ஆச்சு" என்பாள்.

எங்கள் வீட்டுக்காரம்மா அடுத்த வீட்டிலேயே இருந்தார். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த குடும்பம். ஏரிக்கரை வரைக்கும் அவர்களுக்கு நிலம் இருந்தது. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். தினம் ஒருமுறை வந்து, கிணற்றுத் தண்ணீரை எட்டிப் பார்த்துவிட்டு, அம்மாவையும் ஒரு பார்வை பார்ப்பார். "இன்னா டீச்சரம்மா, இப்டியே குந்திகினு இருந்தா ஆச்சா? ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்?" என்று அதட்டுவார். அம்மா அதற்கும் தலையை ஆட்டுவாள். வீட்டுக்காரம்மாவின் அதட்டலுக்கே அசையவில்லை என்றால் வேறு யார் சொல்லி என்ன ஆகப்போகிறது. யாரும் கேட்காமலே அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். அம்மா வாயிலிருந்து ஒரு ஸ்தோத்திரத்தை வரவழைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். ஏதோ ஒன்று, எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி.

வழி எங்கள் சபைக் கோயிலில் கிடைத்தது. மே மாத லீவில் சபைப் பிள்ளைகளுக்கு நடக்கும் வேதபாட வகுப்பில் அக்கா ஒருவர், காசைத் தொலைத்த பெண்ணின் கதையைச் சொன்னார். அவளிடம் இருந்த பத்து வெள்ளிக்காசில் ஒன்று தொலைந்துவிடுகிறது. அவள் விளக்கை ஏற்றி, வீட்டைப் பெருக்கி, மூலை முடுக்கெல்லாம் தேடுகிறாள். கிடைத்ததும் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு ஆனந்தப்படுகிறாள். மற்றப் பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு வாழைப்பழத்துக்கு வரிசையில் நின்றார்கள். நான் மட்டும் யோசித்தேன். எல்லாக் காசும் பத்திரமாக இருந்தபோது அந்தப் பெண் யாரையும் கூப்பிட்டு ஆனந்தப்படவில்லை. ஒன்று தொலைந்து, தேடி, கிடைத்தபோதுதான் சந்தோஷம் வந்திருக்கிறது. அப்படியானால் அம்மாவுக்கு என்ன குறை? அவளுக்கு எதுவும் தொலையவில்லை. அதுதான் குறை. இதில் எனக்குத் துளிகூடச் சந்தேகம் வரவில்லை.

அன்றைக்கே வேலையில் இறங்கினேன். முதலில் அம்மாவின் சீப்பை எடுத்துக் கிணற்றடியில் கவிழ்ந்து கிடந்த உடைந்த தொட்டிக்கு அடியில் வைத்தேன். அம்மா கையாலேயே தலையைக் கோதி முடிந்துகொண்டாள். தேடவே இல்லை. அடுத்து தேங்காய்த் துருவி. தேங்காய்ச் சட்னி நின்றுபோய் வெறும் மிளகாய்ப்பொடி வந்தது. அப்பா அதைக் கண்ணில் நீர் வரச் சாப்பிட்டுவிட்டு, நாக்குச் சுறுசுறுப்பாக இருக்கிறது என்று அதற்கும் ஒரு ஸ்தோத்திரம் சொன்னார். பிறகு மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் அடைப்பைக் குத்துகிற பின்னை ஒளித்தேன். அது இல்லாவிட்டால் ஸ்டவ் எரியாது, வேலை நின்றுவிடும், தேடித்தான் ஆகவேண்டும் என்பது என் கணக்கு. அம்மா பேசாமல் பின்கட்டில் விறகு அடுப்பை மூட்டிக்கொண்டு புகையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. தொலைந்தது என்றுகூடத் தெரியாத மனுஷியிடம் எதைத் தொலைத்து என்ன பிரயோஜனம்.

சாமான்களால் இது ஆகாது, இன்னும் பெரியதாக வேண்டும் என்று புரிந்தது. முன்பு ஒருமுறை ஆராதனை நடுவில் தம்பி பெஞ்சுகளுக்கு அடியில் தவழ்ந்து காணாமல் போனபோது, அம்மா பாடகர் வரிசையிலிருந்து பாதிப் பாட்டில் இறங்கி ஓடிவந்தது ஞாபகம் வந்தது. போதகர் முகம் சுளித்ததைக்கூட அவள் பார்க்கவில்லை. அந்த அம்மாதான் எனக்கு வேண்டும். ஆகையால் தம்பியை ஒளித்துவைப்பது என்று தீர்மானித்தேன்.

தம்பி ஒரே பேச்சில் ஒப்புக்கொண்டான். இரவு என் அப்பளமும் அவனுக்கு என்பது ஒப்பந்தம். வீட்டுக்காரம்மா வீட்டுப் பின்புறம் மாட்டுவண்டி ஒன்று வைக்கோல் ஏற்றி நின்றிருந்தது. மாடுகள் வேப்பமரத்தடியில் அசைபோட்டுக்கொண்டிருந்தன. மாடு பூட்டாத வண்டி எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்தேன். லீவு நாட்களில் எனக்குக் கிழமையே நினைவிருக்காது. வெள்ளிக்கிழமை பல்லாவரத்தில் சந்தை என்பது அந்த மாடுகளுக்குக்கூடத் தெரிந்திருக்கும். சக்கரத்தின் ஆரக்காலில் கால் வைத்து ஏறி, அவனையும் தூக்கிவிட்டு, மேலே வைக்கோலை விலக்கிப் பள்ளம் செய்து அவனைப் படுக்கவைத்தேன். மூக்கு மட்டும் தெரியும்படி மூடினேன். "அம்மா வந்து வைக்கோலை எடுத்துப் பார்க்கிற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. பேசினா நீ அவுட்" என்றேன். அவன் அப்போதிலிருந்தே பேசாமல் தலையை மட்டும் ஆட்டினான்.

அப்பா ஆபீசுக்குப் போயிருந்தார். நான் அடுக்களைக்குப் போய், "அம்மா, தம்பியைக் காணோம்" என்றேன். அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே, "இங்கதான் எங்கயாவது இருப்பான்" என்றாள். நான் விடுவேனா. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போய்ச் சொன்னேன். மூன்றாவது தடவை குரலில் அழுகையைச் சேர்த்தேன். அம்மா கீரையைக் கீழே வைத்தாள். எழுந்து வாசலுக்கு வந்தாள். "டேய் கண்ணா" என்று கூப்பிட்டாள். கிணற்றை எட்டிப் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் வேறு மாதிரி இருந்தது. குளியலறைக்குப் பின்னால், முருங்கைமரத்தடியில், கோழிக்கூண்டுக்குள் என்று வேகம் கூடிக்கொண்டே போயிற்று. எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். அம்மா தேடுகிறாள். இன்னும் கொஞ்சம் தேடட்டும், அப்போதுதான் கிடைக்கும்போது நன்றாக இருக்கும் என்று பின்னாலேயே நடந்தேன்.

போதும் என்று தோன்றியபோது, "அந்தப் பக்கம் வண்டியில பாக்கலாமா" என்று அப்பாவிபோலக் கேட்டு அவளை அழைத்துக்கொண்டு போனேன். வண்டி இல்லை. வேப்பமரத்தடியில் மாடுகளும் இல்லை. சாணமும் சிந்திய வைக்கோலும்தான் கிடந்தன. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. பிறகு வந்த சத்தத்தில் வீட்டுக்காரம்மா வெற்றிலைப் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அழுதுகொண்டே சொன்னேன். அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு கேள்விதான் கேட்டாள்.

"எங்க வெச்சே? மேலயா, நடுவுலயா?"

"மேல. பள்ளம் பண்ணி."

"கயிறு கட்டியிருந்துதா வைக்கோலுக்கு?"

"குறுக்கால ஒண்ணு."

"முகத்த மூடினியா?"

"மூக்க விட்டுட்டுதான் மூடினேன்."

வீட்டுக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, வண்டி சந்தைக்கில்ல போயிகிது. இந்நேரம் பெரிய ரோட்டுக்குப் பூட்டிருப்பான். நடந்து போயி எங்க புடிக்கிறது? வா டீச்சரம்மா, ட்ரெயின்ல போயி பல்லாவரத்துல எறங்கி எதிர்ல நின்னுக்கலாம்."

அம்மா அதற்கு முன்பே நடக்க ஆரம்பித்திருந்தாள். செருப்பில்லை. கட்டியிருந்தது கரிக்கறை படிந்த வீட்டுப் புடவை. கோயிலுக்குக்கூடப் போகாமல் இருந்தவள், தெருவில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் வைக்கோல் வண்டியைப் பார்த்தீர்களா என்று விசாரித்துக்கொண்டே போனாள். நான் ஓடிக்கொண்டே அவள் முந்தானையைப் பிடித்திருந்தேன். ஸ்டேஷனில் ரயில் புறப்படத் தயாராக நின்றது. டிக்கெட் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே மூன்று பேருக்கும் நினைவில்லை. மறுநாள் அப்பா அந்த மூன்று டிக்கெட்டையும் வாங்கிக் கிழித்துப்போட்டுத் தம் மனசைச் சுத்தப்படுத்திக்கொண்டார்.

தாம்பரத்திலிருந்து ரயில்பாதையும் பெரிய ரோடும் பக்கத்தில் பக்கத்திலேயே போகும். அம்மா வாசல்கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்து நின்றாள். சானடோரியம் ஸ்டேஷன் தாண்டியது. லாரிகள், பஸ், தோல் ஏற்றிய வண்டி ஒன்று. குரோம்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால், புளியமர நிழலில் வைக்கோல் வண்டி ஒன்று ஆடி ஆடிப் போனது. நம்முடையதா இல்லையா என்று தெரிவதற்குள் ரயில் அதைக் கடந்துவிட்டது. அம்மா வெளியே சாய்ந்த சாய்வில் வீட்டுக்காரம்மா பயந்து, அவள் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார்.

"நீ வுழுந்துட்டீன்னா யாரு தேடுவாங்க? சும்மா நில்லு" என்று அதட்டினார். அம்மா நின்றாள். ஆனால் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஜெபம் பண்ணுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நானும் பண்ணினேன். தம்பி கிடைத்துவிட்டால் என் வாழ்நாள் அப்பளம் முழுவதும் அவனுக்கே என்று ஆண்டவரிடம் எழுதிக்கொடுக்காத குறை.

பல்லாவரத்தில் இறங்கி, சந்தைக்குப் போகிற ஜனங்களுக்கு எதிர்த்திசையில் ரோட்டோரமாக நடந்தோம். ஆடு, கோழிக்கூடை, மண்பானை, பழைய இரும்பு என்று எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. மே மாதத் தார் ரோடு. நான் சூடு தாங்காமல் புல்லுக்கும் ரோட்டுக்கும் குதித்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் வெறுங்காலோடுதான் நடந்தாள். அவள் காலில் சூடு பட்டதாகவே தெரியவில்லை.

முதலில் வந்த வைக்கோல் வண்டியை அம்மா கையை நீட்டி நிறுத்தினாள். ஓட்டிவந்தவர் என்ன ஏது என்று கேட்பதற்குள் சக்கரத்தில் கால் வைத்து மேலே ஏறிவிட்டாள். வகுப்பில் சத்தம் போட்டுப் பேசக்கூடாது, வராந்தாவில் ஓடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் அம்மா, நடுரோட்டில் யாரோ ஒருவருடைய வைக்கோலைக் கட்டுக்கட்டாகக் கீழே தள்ளினாள்.

"இன்னாம்மா இது பேஜாரா கீது, அந்தம்மா பாட்டுக்கு ஏறி சரக்க கீய தள்ளிகினு கீது" என்று அவர் கத்தினார்.

வீட்டுக்காரம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவர் எதிரில் போய் நின்றார். "கொயந்தய காணோம்யா. ஒன் வைக்கோலு எங்கயும் பூடாது. நா எடுத்துப் போடறேன், மூடிகினு இரு." அவர் வாயை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவரும் மேலே ஏறி அம்மாவோடு சேர்ந்து தேடினார். அதில் தம்பி இல்லை.

அடுத்து வந்ததுதான் எங்கள் வண்டி. மாட்டை நான் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டேன். ஒன்றுக்கு ஒரு கொம்பு கோணல். வண்டிக்காரர் தம் முதலாளியம்மாவை ரோட்டில் பார்த்ததும் ஆடிப்போய்விட்டார். குழந்தையா, எந்தக் குழந்தை என்று அவர் கேட்டார். வழியில் விழுந்திருந்தால் அவருக்கு எப்படித் தெரியும்.

அம்மா ஏறினாள். குறுக்குக் கயிற்றைத் தளர்த்தச் சொல்லிக் காத்திருக்கவில்லை. கையை உள்ளே விட்டு வைக்கோலை அள்ளி அள்ளி எறிந்தாள். பிறகு கை நின்றது. நான் கீழேயிருந்து பார்த்தேன். அவள் குனிந்து, வைக்கோலோடு சேர்த்து எதையோ வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள். அதிலிருந்து தம்பியின் கால் ஒன்று தொங்கியது.

நன்றாகத் தூங்கியிருக்கிறான். முகம் சிவந்து, வேர்வையில் தலையெல்லாம் வைக்கோல் ஒட்டியிருந்தது. கண்ணை விழித்து அம்மாவைப் பார்த்தான், என்னைத் தேடிப் பார்த்தான். "அக்கா, நான் பேசவே இல்ல" என்றான். அம்மா அழுதாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவள் சத்தம் போட்டு அழுது நான் கேட்டதில்லை. நடுரோட்டில், வைக்கோல் வண்டி மேல் உட்கார்ந்து, சந்தைக்குப் போகிற ஜனம் அத்தனையும் பார்க்க அழுதாள். தம்பி தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்து அவனும் அழுதான்.

ரோட்டோரம் ஒருவர் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரம்மா எங்களை இறக்கி, அந்த நிழலில் உட்காரவைத்தார். அம்மா நுங்கைக் கட்டைவிரலால் நோண்டித் தம்பியின் வாயில் ஊட்டினாள். அவன் போதும் போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். கையில் மீந்ததை அம்மா வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு இன்னொன்றை வாங்கி நோண்டினாள். பிறகு மற்றொன்று. தண்ணீர் முழங்கை வரைக்கும் வழிந்தது, அவள் துடைக்கவில்லை. எனக்கும் ஒன்று நீட்டுவாள் என்று பார்த்தேன், அந்த நினைப்பே அவளுக்கு இல்லை. வீட்டுக்காரம்மாதான் எனக்கு ஒன்று வாங்கிக்கொடுத்தார். "துன்னட்டும், துன்னட்டும்" என்று வெட்டுகிறவரிடம் தணிந்த குரலில் சொன்னார். அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

"ஏண்டி இப்படிச் செஞ்சே?" என்று அம்மா கேட்டாள். நான் வெள்ளிக்காசுக் கதையைச் சொன்னேன். தொலைந்தது கிடைத்தால் நீ ஸ்தோத்திரம் சொல்வாய் என்றுதான் என்றேன். அம்மா கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "வேற என்னெல்லாம் ஒளிச்சு வெச்சிருக்கே?" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் சீப்பு, துருவி, பின் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். ஸ்டவ் பின்னைப் பார்த்தபோதுதான் அவளுக்குப் புகையில் உட்கார்ந்த நாளெல்லாம் ஞாபகம் வந்திருக்கும். முதுகில் ஒன்று வைத்தாள். நன்றாகவே வலித்தது. பிறகு தேங்காய் உடைத்துத் துருவினாள், துருவும்போதே ஒரு பிடியை வாயில் போட்டுக்கொண்டாள்.

அப்பா வந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இரவு ஜெபத்துக்கு எல்லாரும் உட்கார்ந்தோம். தம்பி, தான் வாயே திறக்காததற்கு ஸ்தோத்திரம் சொன்னான். நான் தம்பி கிடைத்ததற்குச் சொன்னேன். அப்பாவும் அதையேதான் சொன்னார். ஒரே காரியத்தை இரண்டு பேர் சொல்லலாமா என்று நான் அன்றைக்குக் கேட்கவில்லை. அம்மாவின் முறை வந்தது. அப்பா கொஞ்சம் காத்திருந்துவிட்டு, வழக்கம்போல முடிவு ஜெபத்துக்குக் கண்ணை மூடினார்.

"நான் இன்னும் சொல்லல" என்றாள் அம்மா.

அப்பா கண்ணைத் திறந்தார்.

"இன்னிக்கு எனக்குப் பசிச்சுது. ஸ்தோத்திரம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு பெரிய ஏற்பாடு செய்து, உயிர் போய் உயிர் வந்து, கடைசியில் பசிக்கா ஸ்தோத்திரம்? தம்பி கிடைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடவில்லை. "இது செல்லாதுப்பா" என்றேன். "பசி எல்லாருக்கும்தான் தினம் தினம் வருது."

"செல்லும்" என்றார் அப்பா.

அம்மா தட்டை இழுத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். தம்பியின் தட்டில் எதையும் தள்ளவில்லை. போட்டதைத் தின்று முடித்து, இன்னும் கொஞ்சம் சோறு வேண்டும் என்றாள். நான் என் அப்பளத்தைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சோறு எடுத்துவர அடுக்களைக்குப் போன அப்பா, வெகுநேரம் திரும்பி வரவில்லை. பானை அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ஒரு கரண்டி சோறு எடுக்க இந்த மனுஷருக்கு இவ்வளவு நேரமா என்று எனக்கு அவர் மேலும் கோபமாக வந்தது.